குளத்துக்கு அப்பால் இருந்தவர்களின் கணக்கு

மிஸ்,

இன்று காலை அலுவலக அலுமாரியின் கீழ்த்தட்டில் பழைய கோப்பொன்றைத் தேடியபோது, நீங்கள் வரைந்த படம் என் மடியில் விழுந்தது. கலண்டர் தாளொன்றின் பின்பக்கத்தில் நீலப் பேனையால் வரைந்தது. நடுவில் குளம், பக்கத்தில் வண்டிப் பாதை, அதற்கும் அப்பால் சின்னச் சின்னச் சதுரங்களாக வீடுகள். கர்ப்பிணித் தாய்மார் இருந்த வீடுகளுக்குள் மட்டும் ஒவ்வொரு புள்ளி வைத்திருந்தீர்கள். பெயர் ஒன்றும் இல்லை. பெயர் எழுதக்கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு உங்களுக்கு. பூச்சி உருண்டை வாசம் பிடித்த அந்தத் தாளை மேசையில் விரித்துவிட்டு, எழுத வேண்டிய விண்ணப்பத்தை எழுதாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

டவுனில், ஓர்ஸ் ஹில்லில் அதே இரண்டு அறைதான் அலுவலகம். வேலையும் அதேதான். எங்கள் மாவட்டத்தில் என்னென்ன குறை என்று தூரத்தில் இருக்கிற நிதி நிறுவனங்களுக்கு விளக்கி, உதவி கேட்டு எழுதுவது. குறையைச் சொல்லிச் சொல்லியே தலை நரைத்துவிட்டது.

உங்களை முதலில் பார்த்த நாளிலும் நான் களைத்துப்போய்த்தான் இருந்தேன். தம்பலகாமம் பக்கத்துத் தாய்மாருக்குக் கிட்டவே ஒரு கிளினிக் கட்டடம் கேட்டு எழுதிய விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. நான் இணைத்திருந்தவை மாவட்டப் புள்ளிவிவரங்கள். அந்தக் கணக்குப்படியே அங்கு நிலைமை நன்றாக இருக்கிறதே, பிறகெதற்கு உதவி என்று கேட்டிருந்தார்கள். அந்தப் பகுதியில் தாய்மாரையும் குழந்தைகளையும் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர் நீங்கள் என்று யாரோ சொல்ல, கடிதத்தைத் தூக்கிக்கொண்டு உங்கள் கிளினிக்குக்கு வந்தேன். குழந்தைகளை நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் நின்றபடியே வாசித்துவிட்டுச் சிரித்தீர்கள்.

"நாங்கள் வேலையை ஒழுங்காச் செய்ததுதான் பிழை போல."

பிறகு கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னீர்கள். "மாவட்டக் கணக்கெண்டா டவுனும் அதுக்குள்ளதான். டவுன் ஆக்கள் எங்கட குளத்தடிப் பெண்டுகளையும் சேர்த்துக் கணக்கில தூக்கி விட்டிடினம். குளத்துக்கு அங்கால இருக்கிறவையைத் தனியா எண்ணிப் பாருங்கோ."

சுகாதார வைத்திய அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கினோம். உங்கள் பதிவேட்டிலிருந்து தாய்மாரின் தொகையை மட்டும் எடுத்துத் தந்தீர்கள். பக்கத்தைக்கூட நான் பார்க்க விடவில்லை. கிராம சேவகரின் பட்டியலோடு அது பொருந்தவில்லை. பட்டியலில் இருந்த சில குடும்பங்கள் ஊரிலேயே இல்லை. இடம்பெயர்ந்து திரும்பி வந்த சிலர் பட்டியலிலேயே இல்லை. "போய்ப் பாத்தாத்தான் சரி" என்றீர்கள். உங்கள் ஸ்கூட்டியின் பின்னால் ஏறிக்கொண்டேன். யானை வருகிற பாதை என்பதால் வெயில் சாயமுதல் திரும்பிவிட வேண்டும். அதனால் உச்சி வெயிலில்தான் வீடு வீடாக நடந்தோம்.

வசந்தியை அங்கேதான் சந்தித்தேன். மூன்றாவது பிள்ளை வயிற்றில். நாங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். மழைக்குப் பாதை வெள்ளத்தில் மூடிவிடும், பஸ் பிரதான வீதியோடு நின்றுவிடும், அந்த மாதங்களில் கிளினிக்குக்கு வர ஏலாது. இரத்தச் சோகைக்குத் தந்த குளிசையும் அத்தோடு முடிந்துவிடும். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு என் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தாள்.

"போன முறையும் ஆக்கள் வந்து எழுதினவை. எழுதினா என்ன வரும்?"

நான் ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வாய் திறந்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "வரும் எண்டு சொல்ல ஏலாது பிள்ளை. ஆனா எழுதாட்டி நீங்கள் இஞ்ச இருக்கிறதே அவைக்குத் தெரியாது."

எண்ணி முடித்தபோது தொகை சின்னதாக இருந்தது. இவ்வளவு சின்னக் கணக்கைக் காட்டினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எனக்குப் பயம். பக்கத்து ஊரின் தொகையையும் சேர்த்து, எல்லாமே குளத்தடி என்று எழுதிவிடலாம் என்றேன். அங்கே பஸ் ஓடுகிறது, கிளினிக்கும் கிட்ட என்று இருவருக்கும் தெரியும். உங்கள் முகம் மாறியது.

"அந்தப் பெண்டுகள் என்னை நம்பிச் சொன்னவை. இல்லாத பிள்ளையை நான் எப்படி நிறுக்கிறது?"

"மிஸ், உங்களுக்கு இந்த வேலை விளங்காது. சின்னக் கணக்குக்கு ஒருத்தரும் தரமாட்டினம்."

"அப்ப தராட்டிப் போகட்டும்."

அதற்குப் பிறகு இரண்டு கிழமை நாங்கள் கதைக்கவில்லை. நான் இரண்டு விதமாகவும் எழுதி வைத்துக்கொண்டு மாறிமாறிப் பார்த்தேன். பெரிய கணக்கு எழுதிய பக்கத்தில் யாருடைய முகமும் தெரியவில்லை. கடைசியில் சின்னக் கணக்கைத்தான் அனுப்பினேன். அதன் கீழே, மழை மாதங்களில் எத்தனை பேர் கிளினிக்குக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று நீங்கள் சொன்னதை அப்படியே ஒரு பந்தியாக எழுதினேன். அனுப்பிவிட்டு உங்களுக்கு ஃபோன் எடுத்தேன். "சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்டீர்கள்.

கேட்ட கட்டடம் கிடைக்கவில்லை. ஆனால் கிளினிக் நாட்களில் தாய்மாரை ஏற்றி இறக்க ஒரு வான் கிடைத்தது. கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் அண்ணன், எல்லோருக்கும் நானா, ஓட்டி வந்தார். பள்ளம் கண்டால் நிறுத்தி, "பிடிச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வானை அதில் இறக்குவார். முதல் நாள் வசந்தி முன் சீற்றில் ஏறி வந்ததை நீங்கள் கிளினிக் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவளுடைய பிள்ளை நல்ல நிறையோடு பிறந்தது.

திட்டக்காலம் முடிந்தது. வானும் நின்றது. நீடித்துத் தர முடியாது, மாற்றம் ஏற்பட்டதற்கான கணக்கு போதாது என்றார்கள். அதே காலத்தில்தான் உங்களுக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. தெரிந்தபோது பிந்திவிட்டிருந்தது.

நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உடம்பு பாதியாகிக் கட்டிலில் கிடந்தீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது அதைத்தான்.

"வான் ஓடுதா?"

"ஓம் மிஸ், ஓடுது."

"எல்லாக் கிளினிக் நாளுமா?"

"ஓம்."

பிறகு, "வசந்தி நேத்து ஃபோன் எடுத்தவள். நிண்டு போச்செண்டு சொன்னவள்" என்றீர்கள்.

நீங்கள் கோபிக்கவில்லை. "பரவாயில்லை. ஓடுது எண்டு நீங்கள் சொல்லேக்க கேக்க நல்லாத்தான் இருந்தது" என்றீர்கள். "திரும்ப எழுதுவீங்களா?" என்று கேட்டீர்கள். ஓம் என்றேன்.

"அப்ப புதுசா எண்ணுங்கோ. பழைய கணக்கை அனுப்பாதீங்கோ. அந்தப் பிள்ளையள் எல்லாம் இப்ப நடக்குதுகள்."

அடுத்த கிழமை நீங்கள் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு இரண்டு விண்ணப்பம் எழுதிவிட்டேன். இரண்டும் திரும்பி வந்தன. இப்போது எழுதுவது மூன்றாவது. களைப்பாக இருக்கிறது, மிஸ். போன வருடத்துக் கணக்கை வெட்டி ஒட்டிவிட்டால் இன்றைக்கே முடிந்துவிடும். கையும் அதற்குத்தான் போகிறது. ஆனால் ஒட்டப் போகும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகள் நடப்பது கண்ணுக்குள் வந்துவிடுகிறது. ஒட்டாமல் விட்டுவிடுகிறேன்.

உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் மிஸ் வயதில் சின்னவர். வேறு ஊர்களையும் சேர்த்து அவர் தலையில் போட்டிருக்கிறார்கள். நேற்றுக் கதைத்தேன். மழைக்கு முதல் குளத்துக்கு அங்கால போய் எண்ணிவிடுவோம் என்றார். செவ்வாய்க்கிழமை போகிறோம். மத்தியானச் சாப்பாடு தன் வீட்டில்தான் என்று வசந்தி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.