ரசத்தில் கால் ஸ்பூன் மார்மைட்

நாயகி,

ரொட்டியில் பூசும் அந்தக் கறுப்பு மார்மைட் முழுக்கச் சைவம்; ரொட்டியை உப்ப வைக்கிறதே ஈஸ்ட், அதன் சாறுதான். அப்படியிருந்தும் அது ஏன் உன் வயிற்றில் தங்கவில்லை என்று நேற்று வரை எனக்கு விளங்கவேயில்லை. பிள்ளை நல்லபடியாகப் பிறக்க உனக்கு ரத்தம் ஊற வேண்டும், அதற்கான வைட்டமின் இதில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னாரே. "மாட்டுச் சாறாட்டம் நாறுது, சைவம்னு யார்கிட்ட கதை வுடறீங்க?" என்று நேற்று நீ ரொட்டியைத் தள்ளியபோது நான் கத்தியது கோபத்தால் இல்லை, பயத்தால்.

காலையில் பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் அக்காவைக் கேட்டேன். "ஜாமாட்டம் தடிப்பா பூசினியா? பாவம்பா அந்தப் பொண்ணு. அது உப்பு மாதிரி, துளி போதும்" என்று சிரித்தார். ஒரு கை உப்பைத் தின்னச் சொல்லித்தான் உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன்.

தூங்குகிறாய், எழுப்பவில்லை. ஷிஃப்டுக்குப் போகிறேன்.

அக்கா மதியம் வந்து பார்ப்பார்.

இன்னொன்று: உப்புப் போடாமல் ரசம் வைத்திருக்கிறேன். சூடாக்கி இறக்கிய பிறகு, உன் டம்ளரில் கால் ஸ்பூன் மார்மைட்டைக் கரைத்துக் குடி. சேர்த்துக் கொதிக்கவிட்டால் வைட்டமின் குறைந்துவிடும். நான் குடித்துப் பார்த்தேன். மிளகும் பூண்டும்தான் மணக்கிறது.