முள் எழும்பாத சார்ஜர்

அண்ணா,

புதிதாக வாங்கி வந்திருக்கும் சார்ஜரில் முள் இல்லை. இன்று காலை ஷெட்டைத் திறந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். ஒரு பச்சை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவே. பேட்டரி நிறைந்தால் தானாக நின்றுகொள்ளுமாம். புது டிரைவர் பிளக்கைச் சொருகிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். நீங்களாக இருந்தால் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "மூஞ்சியே இல்லாதத எப்பிடிம்மா நம்பறது?" என்று கேட்டிருப்பீர்கள்.

பழைய சார்ஜருக்கு மூஞ்சி இருந்தது. சாம்பல் நிற இரும்புப் பெட்டி, நடுவில் வட்டக் கண்ணாடி, அதற்குள் ஒரு முள். சுவிட்சைப் போட்டதும் முள் எட்டு வரை எழும்பும். பேட்டரி நிரம்ப நிரம்ப மெல்ல இறங்கும். அந்த முள்ளைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நம் கண் பரிசோதனை வேனுக்குள் டிரஸ்ட்காரர்கள் ஒரு சின்ன வீட்டையே கட்டியிருந்தார்கள். கை கழுவத் தொட்டி, டாக்டருக்கு நாற்காலி, ஃபேன், எழுத்துப் பலகைக்கு விளக்கு. இஞ்சினுக்கு ஒரு பேட்டரி, இந்த வீட்டுக்குத் தனியாக இன்னொன்று. இஞ்சின் பேட்டரி வண்டி ஓடும்போதே நிரம்பிக்கொள்ளும். வீட்டு பேட்டரியைத்தான் தினமும் ஷெட்டில் சார்ஜரோடு இணைக்க வேண்டும். அது உங்கள் வேலை. பீன்யா தொழிற்பேட்டையில் கம்பெனி கம்பெனியாகப் போய் நிற்கும்போது சீட்டு எழுதி, பேர் கூப்பிட்டு, ஆளை உள்ளே அனுப்புவது என் வேலை. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டிருந்தாலும் எழுதுவதில் எனக்குக் கஷ்டமில்லை. கூப்பிடத்தான் வராது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த ஆள் தானாகவே வந்துவிடுவார் என்பதுபோல நிற்பேன். நீங்கள் டிரைவர் சீட்டிலிருந்து எட்டி, சீட்டைப் படித்து, தெருவே திரும்பும்படி கூப்பிடுவீர்கள். அதனால் உங்களுக்கு வேலை போனால் எனக்கும் போனதுதான்.

நான் வேலைக்கு வந்த வருடத்து ஆயுத பூஜையை நினைத்துப் பாருங்கள். வேனுக்கு வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, ஸ்டெப்னி டயருக்குக்கூடப் பொட்டு வைத்தீர்கள். கடைசியாக வீட்டு பேட்டரிக்கு வந்தீர்கள். பன்னீரில் கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை எடுத்து சார்ஜர் கிளிப் மாட்டும் ஈய முனைகளான இரண்டு டெர்மினல்களின் உச்சியிலும் அப்பி, மேலே குங்குமம் வைத்தீர்கள். "தலைன்னு ரெண்டு இருக்குது பாப்பா. ஒண்ணுக்கு வெச்சிட்டு ஒண்ண வுட்டா, அது கோச்சிக்கும்" என்றீர்கள்.

இரண்டுமே கோபித்துக்கொண்டன. பூஜைக்குப் பிறகு போன முதல் கேம்பில் ஒரு வாட்ச்மேன் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கறுப்புத் திரை போட்ட அறை. டாக்டர் ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றிக்கொண்டிருந்தார். விளக்கோ யாருக்கும் தெரியாதபடி மெல்ல மெல்ல மங்கிக்கொண்டிருந்தது. "சார், நீங்க கண்ணாடி மாத்த மாத்த எனக்குக் கண்ணு போயிக்கினே இருக்குது" என்றார் பெரியவர். டாக்டர் இன்னும் பெரிய கண்ணாடியை எடுத்தார். கடைசியில் விளக்கு முழுதாக அணைந்தபோது, பெரியவர் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குச் சொல்லி அனுப்பச் சொன்னார்.

அன்று ஷெட்டுக்குத் திரும்பி சார்ஜரைப் போட்டால், முள் பூஜ்யத்திலேயே படுத்திருந்தது. ஃபியூஸை மாற்றினீர்கள். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினீர்கள். பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினீர்கள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனோம். கடைக்கார பாய் தன் பேட்டரியில் மாட்டியதும் முள் துள்ளி எழுந்தது. "பக்காவா கீது. என்னாத்துக்கு எடுத்தாந்தீங்க?" என்றார். ஷெட்டுக்கு வந்தால் மறுபடி பூஜ்யம். சார்ஜருக்கு நம் ஷெட் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டி, அதைக் கிழக்கே பார்க்க வைத்து, எலுமிச்சை மிளகாய் கட்டித் தொங்கவிட்டீர்கள். மறுநாள் கேம்பில் விளக்கு எரியவே இல்லை.

அப்போதுதான் டிரஸ்ட் மேடம் வந்தார். அவர் சத்தம் போடவில்லை. திங்கட்கிழமையும் இப்படி ஆனால் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் வெகுநேரம் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். "இருவது வருசமா வண்டி ஓட்டறேன். ஒரு டப்பா என்ன வீட்டுக்கு அனுப்புது பாரு" என்றீர்கள்.

ஞாயிறு காலை நீங்கள் டிபன் வாங்கப் போயிருந்தீர்கள். சும்மா நின்றிருந்த நான் சார்ஜரின் சிவப்புக் கிளிப்பைக் கழற்றிப் பார்த்தேன். கிளிப்பின் பல்லிடுக்கு முழுக்கச் சந்தனம். டெர்மினலின் தலையில் அது சுவரில் பூசிய சிமெண்டாகக் காய்ந்திருந்தது. கிளிப் ஈயத்தைத் தொடவே இல்லை, சந்தனத்தைத்தான் கடித்துக்கொண்டிருந்தது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் யாரிடம்? மேடத்திடம் சொன்னால் தப்பு உங்கள் மேல் விழும். உங்களிடம் சொன்னால், நல்ல நாளில் வைத்த பொட்டை அழிப்பதா என்பீர்கள். கூப்பிடவே வராத எனக்கு இதை எப்படிச் சொல்ல வரும்? சுவிட்சை அணைத்தேன். தலையிலிருந்த ஹேர்பின்னை எடுத்து இரண்டு டெர்மினலையும் சுரண்டினேன். ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, கிளிப்பை மாட்டி சுவிட்சைப் போட்டேன். முள் எட்டுக்குத் தாவியது. மன்னித்துக்கொள் என்று பேட்டரியிடம் சொல்லி, சுரண்டிய சந்தனத்தை நனைத்து அதன் பக்கவாட்டில் ஒரு பொட்டு வைத்தேன்.

இட்லிப் பொட்டலத்தோடு வந்த நீங்கள் வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு சார்ஜரின் முன் கைகூப்பினீர்கள். "அம்மா கண்ணத் தொறந்துட்டா பாப்பா. நேத்து எலுமிச்சம்பழம் மாத்தினேன் இல்ல, அதான்" என்றீர்கள். நான் தலையாட்டினேன். திங்கட்கிழமை கேம்ப் முடியும்வரை விளக்கு மங்கவில்லை. வாட்ச்மேன் பெரியவர் மறுபடி வந்து கடைசி வரி வரை படித்தார். சாமி கண்ணைத் திறந்த கதையை நீங்கள் பீன்யா முழுக்கச் சொன்னீர்கள். ஒவ்வொரு தடவையும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டீர்கள். ஒவ்வொரு தடவையும் தலையாட்டினேன்.

நீங்கள் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாமல் மூன்று மாதம் ஆகிறது. இப்போது நான்தான் பேர் கூப்பிடுகிறேன். முதல் நாள் கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. போன வாரம் ஒரு கம்பெனி வாசலில் யாரோ, "பழைய டிரைவர் மாதிரியே கத்துதே இந்தப் பொண்ணு" என்றார்கள். சிரிப்பு வந்தது. பிறகு கொஞ்ச நேரம் அடுத்த சீட்டைப் படிக்க முடியவில்லை.

நான் ஒளித்ததைச் சொல்லிவிட்டேன். ஆனால் மறு வருடத்துப் பூஜையை நினைத்தால், ஒளித்தது நான் மட்டும்தானா என்று சந்தேகம் வருகிறது. அந்த வருடம் பூஜைக்கு வர முடியாவிட்டாலும் நான் தயாராக இருந்தேன். பூஜைக்கு மறுநாள், நீங்கள் வருவதற்கு முன்பே போய்ச் சுரண்டிவிடலாம் என்று துப்பட்டாவில் உப்புத்தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தேன். பேட்டரி மூடியைத் திறந்தால் இரண்டு டெர்மினலும் பளபளவென்றிருந்தன, மேலே மெல்லிசாக கிரீஸ். சந்தனமும் குங்குமமும் பக்கவாட்டில், முந்தின வருடம் நான் வைத்த அதே இடத்தில்.

பின்னால் ஸ்டூல் கிறீச்சிட்டது. நீங்கள் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தீர்கள்.

"தலையில வெச்சா அம்மாவுக்கு அரிக்குதாம். கன்னத்துல வெச்சிட்டேன்" என்றீர்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, என் துப்பட்டாவைப் பார்க்காமலே, "நீ சாமி கும்பிடத்தானே வந்த? கும்பிட்டுக்கோ" என்றீர்கள்.

நான் பேட்டரியின் முன் நின்று, கண்ணை மூடிக் கும்பிட்டேன்.