ஒரு சுழி குறைந்த வீடு

4 ஜூன்

அன்புள்ள இஸ்திரிக்கு,

நீயே எழுதிய முதல் கடிதம் வந்தது. பிரித்ததும் கண் கலங்கிவிட்டது, போ. நீ இஸ்திரி போடும் சலவைக்கூடத்துப் பின்னறையில், ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து உனக்கு 'அ' போடக் கற்றுக்கொடுத்தவள் அல்லவா நான்! பதினொரு பிழை. சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டாள் என்று குளிர்விட்டுப் போகாதே.

இந்த வருடத்தின் சிறந்த தன்னார்வ ஆசிரியை நான்தான்! விழா மலரில் ஒரு பக்கம் முழுக்க உன்னைப் பற்றித்தான். போன ஜனவரியில் கைநாட்டு, மார்ச்சிலேயே செய்தித்தாள் வாசித்தாள் என்று எழுதினேன். கொஞ்சம் கூட்டித்தான். நல்லதுக்குத்தானே?

வாரம் ஒரு கடிதம் போடு.

உன் டீச்சர்

19 ஜூன்

டீச்சருக்கு இஸ்திரி வணக்கம். நல்லா இருக்கீங்களா?

என் விடு கைய விட்டுப் போகப்போகுது டீச்சர். எங்க விட்டுக்காரர் செத்த மறுவாரம், அந்த மார்ச் மாசம், சாவுச் சான்றிதழுக்குன்னு சொல்லிக் கொழுந்தன் ஒரு தாள்ல கைநாட்டு வாங்கினாரு. அதோட நகல் இப்பதான் கிடைச்சுது. நானே எழுத்துக்கூட்டிப் படிச்சேன். விடு முழுசையும் மனசாரக் கொழுந்தனுக்குக் குடுத்துட்டேன்னு இருக்கு. நீங்க சொல்லித் தரலன்னா இதுகூடத் தெரிஞ்சிருக்காது. நீங்க நல்லா இருக்கணும்.

ஜூலை எட்டு கோர்ட்டு. மார்ச்சுல நான் ஈயன்னாவே தாண்டலன்னு நீங்க வந்து சாச்சி சொன்னாப் போதும். ரெண்டு பொண்ணுங்கள வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? கட்டாயம் வாங்க.

உங்க இஸ்திரி

30 ஜூன்

அன்புள்ள இஸ்திரிக்கு,

திருத்திய கடிதம் இணைத்திருக்கிறேன். 'சாச்சி' இல்லை, 'சாட்சி'. அப்புறம், பார்க்கிற இடத்தில் எல்லாம் 'விடு'! ஒரு சுழியை விட்டால் வீடே போய்விடும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? நூறு தடவை எழுதி அனுப்பு.

வழக்கு விஷயம் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் மேடையேறிக் கேடயம் வாங்கியவள் நான். இப்போது நானே போய் மலரில் எழுதியது உண்மை இல்லை என்றால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? என் நிலைமையையும் கொஞ்சம் யோசி. எட்டாம் தேதி இங்கே ஒரு பாராட்டுக் கூட்டம் வேறு. நீ தைரியமாகப் பேசு. இப்போது நீ படித்தவள்.

பாசமுள்ள டீச்சர்

12 ஆகஸ்ட்

டீச்சருக்கு,

எட்டாம் தேதி கோர்ட் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மார்ச்சில் எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொன்னேன். கொழுந்தனின் வக்கீல் உங்கள் விழா மலரை எடுத்து உரக்க வாசித்தார். என் பெண்களுக்கு முன்னால் என்னைப் பொய்க்காரி என்றார். தீர்ப்பு அவர்கள் பக்கம். இப்போது மூன்று பேரும் சலவைக்கூடத்துப் பின்னறையில், நீங்கள் பாடம் எடுத்த இடத்தில் படுத்துக்கொள்கிறோம். பலகையில் உங்கள் எழுத்து இருந்தது. அழித்துவிட்டேன்.

நூறு தடவை எழுதச் சொன்னீர்கள். இணைத்திருக்கிறேன். வீடு, வீடு, வீடு. எண்ணிப் பாருங்கள், ஒரு சுழியும் குறையாது.

இதை மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். பிழை இருக்காது. திருத்தி அனுப்ப வேண்டாம்.

இனி என்னை விடு.

இதில் சுழி விட்டுப்போகவில்லை, டீச்சர். தெரிந்துதான் எழுதினேன்.

இஸ்திரிக்காரி