எதுவும் கேட்காத கம்பெனி

ஐப்பசி 12, செவ்வாய்

எடை குறைக்கும் ஊசியை ஆன்லைனில் வாங்க, டாக்டரே பேசும் கம்பெனியாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். போன வாரம் வீடியோவில் வந்த டாக்டரம்மா, "வீட்டுல யாருக்காவது தைராய்டு கேன்சர் இருந்துச்சாம்மா?" என்றார். அம்மா இறந்ததே அதில்தான் என்றேன். என்ன வகை என்று தெரியாமல் இந்த ஊசி கூடாது என்று மறுத்துவிட்டார்.

என் கணவன் எதுவும் கேட்காத வேறொரு கம்பெனியில் வாங்கிவிட்டான். அவன் என்றுதான் இன்று எழுத வருகிறது. மத்தியானம் தாராசுரம் வீட்டுக்குப் பார்சல் வந்தது.

"தங்கச்சி கல்யாணத்துல இந்த ஒடம்போட என் பக்கத்துல நிப்பியா?" என்று ஊசியோடு வந்தான்.

"அம்மா மாதிரி நானும் சாகணுமா?" என்றேன்.

முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். கீழே தள்ளி, முழங்காலால் அழுத்திக்கொண்டு வயிற்றில் குத்த வந்தான். அவன் மணிக்கட்டைக் கடித்தேன். வாயில் ரத்தம் வந்தும் விடவில்லை. அலறி ஊசியைப் போட்டான். அதை மிதித்து நொறுக்கிவிட்டுத் தெருவுக்கு ஓடினேன்.

அண்ணன் வந்து சீர்காழிக்கு அழைத்துவந்துவிட்டான். நெற்றி வீங்கியிருக்கிறது. சற்றுமுன் கணவனிடமிருந்து மெசேஜ்: "கையில அஞ்சு தையல். வீட்டுக்கு வா, பேசிக்கலாம்."

பதில் போடவில்லை. இன்னும் ஆழமாகக் கடித்திருக்கலாம்.