துண்டில்லாத தோள்

போடிநாயக்கனூர்
3-3-1958

அன்பு மகள் ஞானபாக்கியத்துக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் ஏதோ இருக்கிறேன். உன் சுகத்துக்கு எழுது.

உங்கள் தோட்டத்து ஜீப்பு ஓட்டுகிற தவசி ஒரு கூண்டைக் கொண்டுவந்து வைத்து, "மக கொடுத்துவிட்டாக" என்றான். அதோடு போய்விட்டான். உள்ளே ஒரு கிளி. அம்மா போனபின் அப்பாவுக்குப் பேச்சுத்துணை இல்லை என்று நீயாக நினைத்து அனுப்பியிருக்கிறாய். வந்த துணை என்னைக் கண்டாலே அலறுகிறது. மூலையில் ஒட்டிக்கொண்டு, மூச்சு வாங்க இறக்கையை அடித்துக்கொள்கிறது. சமையலுக்கு வருகிற மூக்கம்மாளிடம் இந்தக் கூத்து கிடையாது. அவள் தண்ணீர் வைத்தால் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் கொய்யாப்பழம் நீட்டினால் குலை நடுங்குகிறது.

பகலெல்லாம் ஏலக்காய் மண்டியில் வியாபாரிகளோடு தொண்டை வற்றக் கத்திவிட்டு வருகிறேன். வீட்டில் இது கத்துகிறது. எனக்கு முடியவில்லை, பாக்கியம். அடுத்த லோடோடு தவசி வரும்போது திருப்பி அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜேசுதாஸ்


மலைத்தோட்டம்
14-3-1958

அன்புள்ள அப்பாவுக்கு பாக்கியம் எழுதிக்கொண்டது.

என் கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் எழுதிய முதல் கடிதம் இது. கிளியைத் திட்டுவதற்காவது பேனாவை எடுத்தீர்களே, அதுவே எனக்குப் போதும். தயவுசெய்து திருப்பி அனுப்பாதீர்கள்.

தப்பு என்னுடையதுதான். தவசியிடம் ஒன்று சொல்லி அனுப்ப மறந்துவிட்டேன். ஏலக்காய் உலர்த்துகிற அறைக்குள் இந்தக் கிளி எப்படியோ புகுந்து, புகையில் கண் தெரியாமல் சுவரெல்லாம் மோதிக்கொண்டிருந்தது. அவர்தான் தோள்துண்டை வீசி அமுக்கிப் பிடித்து வெளியே கொண்டுவந்தார். இல்லையென்றால் அந்தச் சூட்டிலேயே செத்திருக்கும். அன்றைக்கிருந்து துண்டு என்றால் அதற்கு எமன். அவர் துண்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் அதன் பக்கத்தில் போவார். நீங்கள் மண்டியிலிருந்து வந்தபடியே துண்டோடு நின்றிருப்பீர்கள். கழற்றி வையுங்கள் அப்பா. அதன் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். அதுவாக வரும்.

இன்னொரு சேதி. எனக்கு இது ஆறாம் மாதம். ஆனியில் இருக்கும் என்கிறார்கள். அதற்குள் இங்கே மழை பிடித்துவிடும். வயற்றாட்டி என்று இங்கே சொல்கிற மருத்துவச்சி ஓடைக்கு அந்தப்புறம் இருக்கிறாள். தண்ணீர் வந்துவிட்டால் அவளாலும் வரமுடியாது. போன மழையில் பக்கத்துக் கூலி லைன் வீட்டுப் பொன்னுமணி பிரசவத்தில் அப்படித்தான் செத்துப்போனாள். எனக்குப் பயமாக இருக்கிறது. தலைப்பிரசவத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் கீழே வரலாமா?

உங்கள் மகள்
பாக்கியம்


போடிநாயக்கனூர்
6-4-1958

அன்பு மகள் பாக்கியத்துக்கு.

உன் சேதி படித்து ஜெபம் பண்ணினேன். பாரம் தூக்காதே.

நீ சொன்னது சரிதான். கொத்திவிடுமே என்று நான் துண்டைக் கையில் வேறு சுற்றிக்கொண்டல்லவா பழத்தை நீட்டிக்கொண்டிருந்தேன். அது அலறாமல் என்ன செய்யும்? இப்போது வாசலிலேயே துண்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வருகிறேன். கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். முதலில் மூச்சுக்கூட விடவில்லை. பிறகு பின்னால் கொறிக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க ஆசைதான், பார்க்கவில்லை.

ஒருநாள் காலையில் துண்டை எடுக்க மறந்து அப்படியே மண்டிக்குப் போய்விட்டேன். எங்கள் வியாபாரம்தான் உனக்குத் தெரியுமே, துண்டுக்கடியில் கையைக் கோத்து விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவோம். வியாபாரி சுந்தரராஜ் எல்லார் முன்னாலும், "அண்ணாச்சி, தோள வெறுமன போட்டுக்கிட்டு யாருகிட்ட விலை பேச வந்தீக?" என்று கேட்டுவிட்டான். மண்டியே சிரித்தது. முப்பது வருஷமாகத் துண்டில்லாமல் நான் தெருவில் இறங்கியது கிடையாது. கூசிப்போய்விட்டது.

அம்மா படுத்திருந்த அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். தவசியின் ஜீப்பில் மெதுவாக வந்துவிடு. உன் வீட்டுக்காரருக்குத் தோட்டத்தில் சோலி இருக்கும். நீ வந்தால் போதும்.

அப்பா


மலைத்தோட்டம்
20-4-1958

அப்பாவுக்கு.

கடிதம் கிடைத்தது. கிளி கொறிக்கத் தொடங்கியதை வாசித்துக் காட்டினேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கு இல்லை.

அவருக்குச் சோலி இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை. இருக்கும் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். பதிவுத் திருமணம் முடிந்த கையோடு, பெரியவரிடம் நேரில் சொல்வதுதான் மரியாதை என்று அவர் உங்கள் மண்டிக்கு வந்தார். "துண்ட எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு, கீழ நின்னு பேசு" என்றீர்கள். அத்தனை பேர் பார்க்க எடுத்து வைத்தார், எனக்காக. இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு கிளி பயப்படக் கூடாது என்று நீங்களாகக் கழற்றுகிறீர்கள். தோள் வெறுமனே இருந்ததற்குக் கூசிப்போனதாக எனக்கே எழுதுகிறீர்கள்.

கோபப்படக்கூடத் தெம்பில்லை அப்பா. கால் வீங்கியிருக்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. அவர் ராவும் பகலும், "நீ போயிட்டு வா புள்ள. என் ரோசத்துக்காக உசுரோட விளையாடாத" என்கிறார். நான் தனியாக வரமாட்டேன். வந்தால் அவரை வாசலில் விட்டுவிட்டு நான் மட்டும் உள்ளே போனதாகும். என்ன ஆனாலும் இங்கேயே பெற்றுக்கொள்கிறேன். இனி இதைப் பற்றி எழுதவேண்டாம்.

பாக்கியம்


போடிநாயக்கனூர்
11-5-1958

மாப்பிள்ளை சுருளிவேல் அவர்களுக்கு ஜேசுதாஸ் வணக்கத்துடன் எழுதுவது.

பாக்கியம் தனக்கு எழுதவேண்டாம் என்றுவிட்டாள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்குத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

அவள் கடிதம் வந்தபிறகு மண்டிக்குப் போக மனம் ஓடவில்லை. வீட்டிலேயே கிடந்தேன். கூண்டைத் திறந்துவைத்து, அதன் வாசலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கையில் பழம் கிடையாது, ஒன்றும் கிடையாது. கை மரத்துப்போகும், எடுத்து உதறிவிட்டு மறுபடி வைப்பேன். முந்தாநாள் அது வெளியே வந்து என் விரலில் ஏறி நின்றது. நகம் குத்தியது. நான் அழுதுவிட்டேன். நீங்கள் பிடித்து உயிரைக் காப்பாற்றிய பறவை நன்றாக இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லவேண்டும்.

அன்று மண்டியில் நான் உங்களைப் பேசியதை ஊரே கேட்டது. அதற்குப் பதிலை ஒரு கடிதத்துக்குள் மடித்து அனுப்பினால் நியாயமாகாது. வியாழக்கிழமை தவசியோடு மேலே வருகிறேன். மழைக்கு முன்னால் நீங்கள் இரண்டு பேரும் போடிக்கு வந்து, பிள்ளையோடு திரும்பவேண்டும் என்று உங்களிடம் கேட்கத்தான் வருகிறேன். தோட்டத்து ஆட்கள் எல்லாரும் இருக்கிற நேரமாகப் பார்த்து வருகிறேன். எங்கே நிற்கச் சொல்கிறீர்களோ அங்கே நின்று கேட்கிறேன்.

உங்கள் மாமனார்
ஜேசுதாஸ்