சம்பந்திக்கு அனுப்பிய நாவல்கள்

ஜனவரி 9

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். நீங்கள் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷனும் ஆகிவிட்டது என்று மாப்பிள்ளை நேற்றுதான் போனில் சொன்னார். கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். “அதான் நல்லபடியா முடிஞ்சிடுச்சே அத்தை” என்றார்.

உடனே ஓடிவந்து பக்கத்தில் உட்கார வேண்டியவள் நான். சலவைக் கடையை விட்டு நகர முடியவில்லை. ஓட்டல்காரர்களின் மேசைவிரிப்புகள் கூரை தொட நிற்கின்றன. இருக்கிற இரண்டு நீராவி இஸ்திரியில் ஒன்று படுத்துவிட்டது. மகளின் அப்பா போன பிறகு கடைக்கு நான் ஒருத்திதான்.

நான் வர முடியாததற்குப் பதிலாக ஒரு நாவலை அனுப்புகிறேன். காதல் கதை. எங்கள் கடைக்கு அடுத்த கதவு புத்தகக் கடை. என் சம்பாத்தியத்தில் பாதி அங்கேதான் போகிறது. கல்யாணத்தன்று என் கைப்பையில் நாவலைப் பார்த்துவிட்டு, இதற்கெல்லாம் எப்படி நேரம் கிடைக்கிறது என்று கேட்டீர்கள். இப்போது ஆண்டவன் உங்களுக்கும் நேரம் கொடுத்திருக்கிறான். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

அன்புடன்,
மருமகளின் அம்மா


ஜனவரி 28

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் பார்சல் வந்த அன்றே அலமாரியில் வைத்துவிட்டேன். ஒரு வாரம் அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். கடைசியில் விட்டத்துச் சிலந்தியின் குடும்ப விவகாரம் முழுவதும் தெரிந்துபோன பிறகு, வேறு வழியில்லாமல் பிரித்தேன்.

காலமெல்லாம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து மற்றவர்களைப் படுக்க வைத்தவளுக்குப் படுத்திருக்கத் தெரியவில்லை. என்னைப் பார்த்துக்கொள்ள வரும் பெண் ஏற்கெனவே இரண்டு தடவை வேலையை விட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். நாவல் கைக்கு வந்ததிலிருந்து அவள் நிம்மதியாக இருக்கிறாள். அவள் சார்பிலும் நன்றி.

கதையைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஒரே லிஃப்டில் தினமும் ஏறி இறங்குகிற இரண்டு பேர், மனசில் இருப்பதைச் சொல்ல இருநூறு பக்கமா? வாயில் என்ன பூட்டா? அவன் “உனக்குச் சம்மதமா” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முப்பதாம் பக்கத்தில் மங்களம் பாடியிருக்கலாம். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஈரத்துணி போட்டே குணமாக்கிவிடுகிறான். வெப்பநிலை கூடப் பார்க்கவில்லை. என் வார்டாக இருந்தால் அவனை வெளியே அனுப்பியிருப்பேன்.

ஆனால் கடைசியில், பஸ் நிலையத்தில் அவள் கைக்குட்டையை வைத்து வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாளே, அங்கே எனக்குக் கண் கலங்கியது. தூசி விழுந்துவிட்டது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். ஜன்னல் எல்லாம் மூடித்தான் இருந்தது.

வேறு இருந்தால் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அடங்காத நோயாளி


பிப்ரவரி 22

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன். எனக்கு நாவல் பற்றிப் பேச இதுவரை ஆளே இருந்ததில்லை. “அந்த வெள்ளைச் சட்டையில கறை போச்சா” என்றுதான் ஊர் என்னிடம் பேசும். நீங்கள் திட்டித் திட்டி எழுதியது எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

இந்தத் தடவை இரண்டு. இரண்டும் இப்போதுதான் வந்த புதுப் புத்தகங்கள், நான் படித்துவிட்டு அனுப்புகிறேன். ஒன்று மர்மக் கதை. அடுக்குமாடி வீட்டில் ஒரு பெண் காணாமல் போகிறாள். முடிவைச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று ராஜா ராணிக் கதை. முற்றுகை போட்ட கோட்டைக்குள் ராணி தண்ணீரை அளந்து கொடுத்து எட்டு மாதம் ஊரைக் காப்பாற்றுகிறாள். ராஜா ரொம்ப நல்லவன், அவள்மேல் உயிரையே வைத்திருக்கிறான். ஆனால் எதிரியோடு ஒப்பந்தம் போட்டுக் கோட்டையைக் கொடுத்துவிடுகிறான். அவளுக்கு எப்போது தெரிகிறது? மதில்மேல் வேறு கொடி ஏறும்போது. கையெழுத்துப் போட்ட பிறகு சொல்வதற்குச் சொல்வது என்று பெயரா, சம்பந்தி அம்மா? நல்லவனாக இருந்தால் மட்டும் போதுமா? அந்தப் பக்கத்தில் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டேன். பிறகு நானே எடுத்துத் துடைத்து வைத்தேன்.

இங்கே எல்லோரும் நலம். மகளுக்கு வேலை அதிகம். அதனால்தான் உங்களுக்குப் போன் செய்யவில்லை போலிருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
மருமகளின் அம்மா


மார்ச் 14

அன்புள்ள சம்பந்திக்கு,

இரண்டையும் முடித்தேன். தோளில் ஈட்டி பாய்ந்த தளபதி விடிய விடியக் குதிரை ஓட்டுகிறான். இரத்தம் என்ன குழாயில் வருகிறதா, மூடித் திறக்க? அதை விட்டுவிட்டால் அருமையான கதை. ராணி சுரங்கக் கிணற்றுக்குள் தானே இறங்கி ஆழம் பார்க்கிற இடத்தில் நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இடுப்பு வலி அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

மர்மக் கதையில் குற்றவாளி யார் என்று பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். அந்த அனுபவத்தில் இன்னொன்றையும் கண்டுபிடித்தேன்.

நீங்கள் பக்க அடையாளத்துக்குச் சலவைத் துணியில் குத்துகிற நம்பர்த் துண்டை வைப்பீர்கள். முதல் புத்தகத்தில் ஒன்று கிடைத்தது. இந்த இரண்டு புதுப் புத்தகத்திலோ பக்கங்களின் கீழ்முனை மடித்திருக்கிறது. கீழ்முனையை மடிக்கிற ஆளை நான் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் என் வீட்டில் இருந்தபோது, புத்தகத்துக்குக் காது முளைக்க வைக்காதே என்று நானே அவளைக் கடிந்திருக்கிறேன்.

மருமகள் உங்கள் வீட்டில்தானே இருக்கிறாள்? ராணியைப் பற்றி நீங்கள் எழுதியபோதே எனக்கு ஏதோ தட்டியது. மகனிடம் கேட்டால் “எல்லாம் நல்லா இருக்கும்மா” என்கிறான். அவன் அப்பாவும் இப்படித்தான். வீடு மாறுகிறோம் என்பதை, சாமான் ஏற்ற லாரி வாசலில் வந்து நின்றபோது சொன்னவர் அவர். நல்ல மனிதர். கடைசிவரை என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. என் விருப்பத்தைக் கேட்டதும் இல்லை.

பையனைப் பெற்றவள் என்று பயப்படாமல் எழுதுங்கள். எதுவானாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

உங்கள்,
சம்பந்தி


மார்ச் 21

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை அவளிடமே கொடுத்தேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் மடியில் வைத்திருந்தாள். “அத்தை கண்டுபிடிச்சிட்டாங்க, நீயே எழுதிடும்மா” என்றாள்.

ஜனவரி கடைசியில் வந்தாள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. மாப்பிள்ளையின் பாலம் கட்டும் கம்பெனி அவரை வெளிநாட்டு வேலைக்குக் கேட்டிருக்கிறது. அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒருநாள் சாயங்காலம் இரண்டு விமான டிக்கெட்டை மேசைமேல் வைத்து, அடுத்த மாதம் கிளம்புகிறோம் என்றாராம். விதைப் பரிசோதனைக் கூடத்தில் இவளை அப்போதுதான் பிரிவுக்குத் தலைமையாகப் போட்டிருந்தார்கள். அதற்காக இவள் எவ்வளவு பாடுபட்டாள் என்று உங்களுக்கும் தெரியும்.

“எப்ப கையெழுத்துப் போட்டீங்க?” என்று கேட்டிருக்கிறாள்.

“மூணு வாரம் ஆச்சு. நீ சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன்.”

“மூணு வாரமும் இதே மேசையில என் எதிர்லதானே உக்காந்து சாப்பிட்டீங்க?”

இது முதல் தடவை இல்லையாம். குடியிருக்கிற வீடும் அப்படித்தான், இவள் வண்டியை விற்றதும் அப்படித்தான். ஒவ்வொன்றும் நல்லெண்ணத்தில் செய்தது. அதனால்தான் யாரிடமும் குறையாகச் சொல்ல முடியவில்லை என்கிறாள்.

இதையெல்லாம் உங்களிடம் மறைத்துக்கொண்டு நாவல் பற்றி எழுதினேன். வலியோடு படுத்திருப்பவரிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் ஏசுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். தெரிய வேண்டும் என்று மட்டும் கேட்டீர்கள். பெண்ணைப் பெற்ற எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எழுதத் தெரியவில்லை.

அன்புடன்,
சலவைக்கடைச் சம்பந்தி


ஏப்ரல் 6

அன்புள்ள சம்பந்திக்கு,

அவனை வரவழைத்தேன். பயணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறான். கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து, “அவ வர மாட்டேங்கிறாம்மா” என்றான்.

“நீ கேட்டியா?”

“எல்லாத்தையும் விவரமாச் சொன்னேம்மா.”

“சொன்னியான்னு கேக்கல. கேட்டியான்னு கேக்குறேன்.”

போர்வையின் ஓரத்தைச் சரி செய்துகொண்டே இருந்தான். அவன் அப்பா கதையைச் சொன்னேன். லாரி வந்த அன்று அடுக்களையில் நின்று நான் அழுதது அவனுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. சொன்னதும் நிமிர்ந்து பார்த்தான்.

வருகிற சனிக்கிழமை உங்கள் கடைக்கு வருவான். அவளிடம் கேட்பான். நீங்கள் நடுவில் நிற்க வேண்டாம், எனக்காக அவளிடம் பரிந்தும் பேச வேண்டாம். அவள் மனசில் இருப்பதை அவளே சொல்லட்டும்.

உங்கள்,
சம்பந்தி


செப்டம்பர் 15

அன்புள்ள சம்பந்திக்கு,

மே மாதம் எழுதியதற்குப் பதில் இல்லை. ஜூலையில் எழுதியதற்கும் இல்லை. பிரிந்துவிடுவது என்று இருவரும் சேர்ந்தே மனுப் போடப்போகிறார்கள் என்று மகன் சொன்னான். நடப்பதற்கு முன்பே வந்து சொன்னான். அதைக் கேட்டு அழுவதா, மெச்சுவதா என்று தெரியவில்லை.

உங்கள் பக்கத்தில் யாராவது கடிதம் வேண்டாம் என்றிருப்பார்கள். என் தங்கையும், “அத்துப்போன உறவுக்கு எதுக்குக்கா தபால்” என்றாள். அவர்கள் இருவருக்கும் தாலி இருந்தது, பத்திரம் இருந்தது, அதைத் தீர்க்கக் கோர்ட் இருக்கிறது. நமக்கு அப்படி எதுவும் கிடையாதே, எதைக் காட்டித் தீர்ப்பார்கள் என்று கேட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

உங்களை நினைத்தால் எனக்கு வருத்தம் வரவில்லை, நன்றிதான் வருகிறது. ஆபரேஷன் முடிந்து கிடந்தபோது பழம் வந்தது, பூங்கொத்து வந்தது, எல்லாம் வாடிப்போயின. நீங்கள்தான் ஒரு பஸ் நிலையத்தையும் ஒரு கோட்டையையும் என் கட்டிலுக்குக் கொண்டுவந்தீர்கள். வயதான காலத்திலும் ஒரு ராணிக்கு என்ன ஆகுமோ என்ற ஆவலில் அடுத்த பக்கம் புரட்டலாம் என்று காட்டினீர்கள். என் மருமகள் கெட்டிக்காரி, அவள் முடிவில் எனக்குக் குறை இல்லை. அதையும் அவளிடம் சொல்லுங்கள்.

இப்போது தடி ஊன்றி நடக்கிறேன். இந்தக் கடிதத்தை நானே போய்ப் பெட்டியில் போடுகிறேன். நீங்கள் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. என் நன்றி உங்களிடம் வந்து சேர்ந்தால் போதும்.

உங்கள் வாசகி


டிசம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இனி இப்படித்தான் எழுதுவேன். உங்களுக்குச் சம்மதம்தானே?

உங்கள் மூன்று கடிதங்களும் வந்தன. எல்லாம் முடியும்வரை பேச்சு வேண்டாம் என்று என் அண்ணன் கண்டிப்பாகச் சொன்னார். நான் நிறுத்தியதற்கு அது மட்டும் காரணமில்லை. உங்கள் மகனை வேண்டாம் என்ற வீட்டிலிருந்து எந்த முகத்தோடு எழுதுவது என்று இருந்தது. செப்டம்பரில் வந்த கடிதத்தைப் படித்துவிட்டு, இஸ்திரி மேசையிலேயே தலை வைத்து அழுதேன். ஒரு ஓட்டல்காரரின் மேசைவிரிப்பை மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று.

அந்தச் சனிக்கிழமை மாப்பிள்ளை வந்தார். கேட்டார். என் காதால் கேட்டேன், நல்லவிதமாகவே கேட்டார். இவள் பல நாள் யோசித்தாள். பிறகு என்னிடம், “இப்ப நெஜமாவே கேக்குறாரும்மா. அதனாலதான் நெஜத்தைச் சொல்ல முடியுது. எனக்கு வேண்டாம்” என்றாள்.

நேற்று கோர்ட்டில் முடிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வராந்தாவில் இருவரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டு நின்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரும் பிரிகிறவர்கள் என்று சொல்ல மாட்டார்கள். அப்புறம் அவர் என்னிடம் வந்தார்.

“அத்தை, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க.”

“அம்மாவுக்குப் புத்தகம் அனுப்புறத நிறுத்திடாதீங்க.”

“அதைப் போய்க் கேக்கணுமா மாப்பிள்ளை?” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எந்த இடத்தில் நின்று என்ன வார்த்தை சொன்னேன் என்று உறைத்தது. என் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் சிரித்தாள். அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வருகிறேன், அக்கா. உங்களைப் பார்த்துத்தான் நன்றி சொல்ல வேண்டும்; கடிதத்தில் எத்தனை தடவை எழுதினாலும் போதவில்லை. இரவு அவள் என் பக்கத்தில் வந்து படுத்து, “நானும் வரட்டுமா, அத்தை ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்களே?” என்று கேட்டாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அதனால் கேட்கிறேன். வேண்டாம் என்றால் தயங்காமல் இரண்டு வரி எழுதிவிடுங்கள், நான் மட்டும் வருகிறேன். சனிக்கிழமை தபாலில் ஒன்றும் வராவிட்டால் இரண்டு பேரும் கிளம்பிவிடுவோம்.

எழுதாதீர்கள் அக்கா.

உங்கள்,
தங்கை