அடக்கிப் பழகு

செவ்வாய், இரவு.

என் வீட்டுக்காரரைப் பார்த்தாலே குமட்டுகிறது.

காலையில் டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னாள். மூத்திரப்பையில் கிருமியே இல்லையாம். இத்தனை வருஷம் விழுங்கிய ஆன்டிபயாடிக் எல்லாம் வீண். குழாய் வழியாகப் பைக்குள் மருந்து விடலாம். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. முதலில் டீயை விட வேண்டும். வலி இல்லாதபோது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கிப் பழக வேண்டும்.

கூட வந்த இவர் காதில் விழுந்தது அந்த 'அடக்கி' மட்டும்தான். தாராவி வந்ததும் சந்து முழுக்கச் சொல்லிவிட்டார்.

பொதுக் கக்கூஸ் வரிசையில் என்னை எப்போதும் முன்னால் விட்டுவிடுவார்கள். சாயங்காலம் வலி உயிர் போக, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பக்கத்து வீட்டுச் செல்வி வழிவிடவில்லை.

"டாக்டரே அடக்கச் சொல்லியிருக்காவளாம்லா மதினி. கொஞ்சம் நில்லுங்க, உங்க நல்லதுக்குத்தான்."

நின்றேன். எல்லார் முன்னாலும் சேலை நனைந்தது.

வீட்டுக்குள் நுழைந்தால், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்கிறார்: "இன்னைக்கு எவ்வளவு நேரம் தாக்குப் புடிச்ச?"

இப்போது குறட்டை விடுகிறார். அந்தச் சேலையை நான் துவைக்கவில்லை. சுருட்டி அவர் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன்.